டிராக்டர் எதற்கு ஓடுகிறது என்று கேட்கும் சட்டம்

கரும்பு சீசனில் இரவு நேரத்தில் லோடு டிராக்டரின் பின்னால் ஏதாவது வண்டி மோதினால், மறுநாள் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும். "ரிஃப்ளெக்டர் ஒட்டல", "பின் லைட் எரியல", "கார்க்காரன் வேகமா வந்தான்". மூன்றுமே உண்மையாக இருக்கலாம். என் புகார் சட்டம் வண்டிகளை வகை பிரிக்கும் முறை மீது.

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். 100 மீட்டர் முன்னால் 60-இல் ஒரு லாரி. அதை எட்ட உங்களுக்கு 18 விநாடி ஆகும். அதே இடத்தில் 20-இல் ஒரு டிராக்டர் போனால் 6 விநாடிதான். டிம் லைட்டில் 50 மீட்டரில்தான் கண்ணில் பட்டது என்றால் 3 விநாடி. சுதாரித்து பிரேக்கை மிதிப்பதற்குள் அதில் பாதி போயிடும்.

அப்போ சாலை கேட்கும் கேள்வி, "எவ்வளவு மெதுவாகப் போகிறது?" என்பது. நம் சட்டம் கேட்பது, "எதற்காகப் போகிறது?" என்று. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரைப் போக்குவரத்து அல்லாத வாகனம் என்கின்றன. விவசாயிக்கு அது நியாயமான சலுகை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே டிராக்டர் செங்கல் ஏற்றினால் எந்த வகை என்று இன்சூரன்ஸ் வழக்குகளில் வாதாடிக்கொண்டே இருக்கிறோம். பின்னால் வருகிறவருக்குக் கரும்பானால் என்ன, செங்கலானால் என்ன?

விதி 104 பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் கேட்கிறது. லாரிக்கும் அதே சிவப்புதான். முன்னால் ஒரு வண்டி இருப்பதை அது சொல்லும், அந்த வண்டி ஊர்ந்து போவதைச் சொல்லாது. மாட்டுவண்டி கதை இன்னும் மோசம். 1988-ஆம் ஆண்டு சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை என்பதால், அந்த விதிகூட அதைத் தொடுவதில்லை.

அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முக்கோணத் தகட்டை உருவாக்கினார்கள். நடுவில் பகலில் பளிச்சிடும் ஆரஞ்சு, ஓரத்தில் இரவில் ஒளியைத் திருப்பி அடிக்கும் சிவப்பு. மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கி.மீ.க்கு மேல் போகாத வண்டிகளுக்கானது. டிராக்டரானாலும் குதிரை வண்டியானாலும் ஒரே அடையாளம்.

அங்கேயும் சிக்கல் வந்தது. அந்தப் பளிச்சென்ற தகடு தங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று மினசோட்டாவின் ஆமிஷ் மக்கள் சிலர் மறுத்தார்கள். 1990-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வெள்ளி நிற ஒளிரும் டேப்பும் சிவப்பு லாந்தரும் போதும் என்பது அவர்கள் முன்வைத்த மாற்று. தகடு வேண்டுமா, டேப் போதுமா என்றுதான் சண்டை. மெதுவான வண்டி கண்ணில் பட வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

"ஸ்டிக்கர் ஒட்டினா எல்லாம் சரியாயிடுமா?" என்று கேட்பீர்கள். ஆகாது. டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, எந்தத் தகட்டையும் மறைத்துவிடும். அதனால் அடையாளம் லோடின் கடைசி முனையில் தொங்க வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதணும். 40 கி.மீ.க்கு மேல் போகாத எந்த வண்டிக்கும், இழுப்பது இன்ஜினோ மாடோ, ஒரே அடையாளம். செலவை விவசாயி தலையில் கட்டாமல், அரைவைக்கு லோடு வாங்கும் ஆலையிடமே வசூலிக்கலாம். சீசன் தொடங்குமுன் ஒட்டிக் கொடுப்பது ஆலைக்குப் பெரிய செலவில்லை.