யாழின் ஒலியும் நம் கற்பனையும்

கிரேக்கப் புராணத்தில் ஓர்ஃபியுஸ் லைரா என்னும் யாழை மீட்ட, கொடிய விலங்குகளும் அடங்கின. அவ்வுருவையே உரோமைக் கல்லறைச் சுரங்கங்களில் ஆதிக் கிறித்தவர்கள் ஆண்டவரின் சாயலாகத் தீட்டினர். நம் பொருநராற்றுப்படையிலோ, பாலை யாழ் கேட்ட வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தை நழுவவிட்டு அருள் கொள்கின்றனர். இரு மரபும் இசையில் மனமாற்றத்தைக் கண்டன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்க்கிலோஸ் நாட்டிய நினைவுக் கல்லில் பாடலோடு இசைக்குறியும் எஞ்சியுள்ளது. சங்க கால யாழுக்கோ கருவியுமில்லை, இசைக்குறியுமில்லை. புலவர்தம் வருணனையே உண்டு. விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரச் சான்றுகளையும் கணிதத்தையும் துணைக்கொண்டு, 1947-இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவர் துணிந்தார், துணிவுக்குக் காரணமும் காட்டினார்.

இன்று சென்னையில் தருண் சேகர் வடித்த யாழ் ஒலிக்கிறது. அயனம்பாக்கத்தில் அமர்ந்து கேட்கும் நாமும் மகிழ்கிறோம். ஆனால் ‘இதுவே பாணர் கேட்ட ஒலி’ எனச் சிலிர்ப்பது முறையன்று. இது நம் காலத்தின் யாழ். அவ்வளவில் அதற்குப் பெருமை உண்டு. சான்று முடியுமிடத்தைச் சொல்லிவிட்டு மீட்டுவதால் இசை குறைவதில்லை. மனத்தை மாற்றும் இசைக்கு வாய்மையே முதல் நரம்பு அன்றோ!