ஒலியின் ஒற்றுமை எங்கே தொடங்க வேண்டும்?

2021இல் ஃபெடோரா 34 பைப்வயரைத் தன் ஒலி ஏற்பாடாக வரித்துக்கொண்டது முதல், லினக்ஸ் உலகின் பழைய ஒலி வழக்குகளெல்லாம் தீர்ந்துபோயின என்றும், இத்தனை காலமும் ஓஎஸ்எஸ், ஆல்சா, பல்ஸ்ஆடியோ, ஜாக் என்று பல முறைகள் போட்டியிட்டதே சுதந்திர மென்பொருளின் சிறப்பு என்றும் கூறும் வாதம் செல்வாக்குப் பெற்று வருகிறது. அதில் பாதிக்கு நியாயம் உண்டு. மறு பாதியை ஏற்க என் மனம் இசையவில்லை.

நியாயமான பாதியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹன்னு சவோலைனன் 1992இல் தொடங்கிய ஓஎஸ்எஸ், ஒலிக்கருவியையும் ஒரு கோப்பாகவே பாவித்துத் திறந்து எழுதும் எளிமையை யூனிக்ஸ் குடும்பத்துக்குப் பொதுவாக்கிற்று. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கர்னலில் அதன் ஸ்தானத்தைப் பெற்ற ஆல்சா, நுட்பமான கருவிகளின் முழுத் திறனையும் வெளிக்கொணர்ந்தது. ஓபன்பிஎஸ்டியின் ஒலி ஏற்பாடான எஸ்என்டிஐஓ தெளிவுக்கு உதாரணம். பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய நிரலையும் ஜாக்குக்காக எழுதிய நிரலையும் ஒருங்கே ஏற்று நடத்தும் பைப்வயர் மெச்சத்தக்க சாதனை.

ஆயினும் இவை யாவும் மேல்தளத்து விவகாரங்கள். என் நெடுநாளைய ஆட்சேபம் அடித்தளத்தைப் பற்றியது. இன்டெல் 2004இல் வகுத்த எச்டிஏ முறைப்படி அமைந்த ஒலிச் சில்லில், எந்த முனை ஒலிபெருக்கிக்குச் செல்கிறது, எது ஹெட்போன் துளைக்கு, எது மைக்குக்கு என்பதைத் தீர்மானிப்பவர் கணினியைச் செய்பவர். அந்த விவரத்தை பயாஸ் வழியே அறிவிக்க வேண்டியவரும் அவரே. அந்த அறிவிப்பு பல மாதிரிகளில் குறையாகவோ பிழையாகவோ இருக்கிறது. விண்டோஸுக்கு உற்பத்தியாளர் தரும் டிரைவர் அக்குறையை மூடிவிட, மற்றவற்றில் யாரோ ஒருவர் துருவி அறிந்து திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் ஆலை நடத்திவரும் டெல்லின் பெயர், லினக்ஸ் கர்னலில் ரியல்டெக் சில்லுகளுக்கான திருத்த அட்டவணையில் வரிக்கு வரி வருகிறது; செருகிய ஹெட்செட் மைக்கைக் கணினி தானாக உணராத குறைக்கான பரிகாரங்களே அவற்றுள் பல.

இவ்வளவு பிரயாசையில் கண்டறிந்த உண்மை ஒரு கர்னலுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி தனக்கென ஓர் அட்டவணையும் ஓபன்பிஎஸ்டி மற்றொன்றும் வைத்திருக்கின்றன. ஜிபிஎல் உரிமத்தின்கீழ் உள்ள வரிகளை பிஎஸ்டி மரபினர் அப்படியே எடுத்தாள இயலாது. ஒரே பலகையின் ஒரே முனையை மூன்று இடங்களில் மூன்று பேர் புதிதாகக் கண்டுபிடிப்பது எந்தச் சுதந்திரத்தை வளர்க்கிறது? அது உழைப்பின் விரயம். அந்த விரயத்தைச் சிறப்பென்று போற்றுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஒரு பக்கம் பேசும் கணினி மறுபக்கம் ஊமையானால், மாணவன் முனைகளின் பிழையை ஆராயப்போவதில்லை; லினக்ஸே உதவாது என்று தீர்ப்பெழுதிவிடுவான். ஆர்க்கா என்னும் திரைவாசிப்பு மென்பொருள் வாசித்துக் காட்டக் கேட்டே கணினியை இயக்கும் பார்வையற்றவருக்கோ, ஒலி நின்ற கணத்தில் திரை முழுவதும் இருண்டுபோகிறது. எத்தனை பைப்வயர்கள் வந்தாலும், கீழே தவறாகக் குறிக்கப்பட்ட முனையை மேலிருந்து அறிய முடியாது.

இதற்கு வழியில்லாமலும் இல்லை. ஏஆர்எம் பலகைகளின் அமைப்பைக் கர்னலுக்கு வெளியே விவரிக்கும் டிவைஸ்ட்ரீ முறையில், விவரங்களை எழுதுவதற்கான விதிகளை ஜிபிஎல், பிஎஸ்டி என்ற இரு உரிமங்களிலும் வெளியிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. லினக்ஸில் திரட்டிய விவரத்தை ஃப்ரீபிஎஸ்டியும் பயன்படுத்துகிறது. அதே முறையை ஒலி முனைகளுக்கும் விரிப்பது டிரைவர் எழுதுவோரின் கடமை. அரசுக்காகக் கணினி வாங்கும் எல்காட், ஒவ்வொரு மாதிரியின் முனை விவரத்தையும் எவரும் எடுத்தாளும் உரிமத்தில் உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் என்பதை இனித் தன் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.