பாலை வெறும் மணலா?

அணுகுண்டு பற்றி நம்மவர் எழுதிய கவிதைகளைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு ஊர்ப் பெயர்களே தென்படும்: ஹிரோஷிமா, நாகசாகி. ஆகஸ்ட் 6 வந்தால் ஒரு கவிதை, ஒரு கண்டனம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 1945 முதல் உலகில் 2,000க்கும் மேற்பட்ட அணுவெடிப்புகள் நடந்திருக்கின்றன. அவற்றில் இரண்டுதான் எதிரி நாட்டின் மேல் விழுந்தவை. மிச்சமெல்லாம் சோதனை. யாருடைய மண்ணில் சோதித்தார்கள் என்ற கேள்வி நம் எழுத்தில் அபூர்வம்.

நமக்கு மிக அண்மைய உதாரணம் 1998 மே மாதம். 11ஆம், 13ஆம் திகதிகளில் இந்தியா ராஜஸ்தானின் பொக்ரானில் சோதனை நடத்தியது. 1974 மே 18இல் முதற்குண்டை வெடித்ததும் அங்கேதான். 28ஆம் திகதி பாகிஸ்தான், பலூசிஸ்தானின் சாகாய் பகுதியில் ராஸ் கோ மலைக்குள் வெடித்துப் பதில் சொன்னது. தெல்தெனியவில் இரண்டு விதமான பெருமையையும் நான் கேட்டேன். ஒருவருக்கு ராமேஸ்வரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் பற்றிய பெருமை. மற்றவருக்கு, "முஸ்லிம் நாட்டுக்கும் குண்டு வந்திட்டுத்தானே!"

இந்த இரண்டு பெருமைக்கும் இடையில் கேத்தோலாய் என்ற கிராமம் காணாமல் போனது. பொக்ரான் சோதனைத் தளத்துக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே அதிகம் இருப்பவர்கள் பிஷ்னோய்கள். பச்சை மரத்தை வெட்டாதவர்கள், மானைப் பிள்ளைபோல் காப்பவர்கள். வீட்டுச் சுவர் வெடித்தது, மாடுகளுக்கு நோய், மனிதருக்குப் புற்றுநோய் என்று அவர்கள் சொல்லி வருகிறார்கள். கதிர்வீச்சு கசியவில்லை என்கிறது அரசு. ராஸ் கோ மலையடியில் இருப்பவர்களோ பலூச் மக்கள், நம்மைப்போல் கலிமா சொன்னவர்கள். அந்த மலையின் மாதிரியைச் செய்து பாகிஸ்தான் நகரங்களில் வைத்தார்கள். மலைக்காரரைப் பற்றி யார் விசாரித்தார்கள்?

இது ஓர் இலக்கியச் சஞ்சிகைக்கு ஏன் வேண்டிய விஷயம்? "பாலைவனம்" என்ற சொல்லை நாம் வெறுமை என்ற பொருளில் எழுதிப் பழகிவிட்டோம். நமது மரபு அப்படிச் சொல்லவில்லை. தமிழ்ப் பாலைத்திணைக்கு எயினர் என்ற மக்கள் உண்டு. சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் உமறுப்புலவர் அரபு மண்ணில் மழை பெய்விக்கிறார், வயலில் உழவரை இறக்குகிறார். இதைக் காப்பிய மரபு என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். நிலம் என்றால் ஆள் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. நபிகளாரைக் குழந்தையில் பாலூட்டி வளர்த்த ஹலீமா நாயகியும் பாலைநிலக் குடியில் வந்தவர்தானே. இந்த மரபில் வந்த நாம், சகாராவில் பிரான்ஸ் 1960 முதல் 1966 வரை வெடித்த 17 குண்டுகளை "பாலைவனத்தில் சோதனை" என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

வரைபடத்தில் ஊர் அழிவது எப்படி என்று எங்கட ஆக்களுக்குத் தெரியும். பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. நீர் வற்றும் காலத்தில் பழைய அத்திவாரங்கள் வெளியே தெரியும். அதையும் அணுச்சோதனையையும் நான் சமப்படுத்தவில்லை. எங்களுக்கு வந்தது தண்ணீர், நஞ்சு அல்ல, மின்சாரமும் கிடைத்தது. ஆனாலும் ஊர் என்பது கோப்புகளில் "பிரதேசம்" ஆகும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பதை அறிந்தவர்கள் நாங்கள்.

எழுத்தாளனால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஒல்ஜாஸ் சுலைமெனொவ், கசாக் கவிஞர். அவருடைய நாட்டின் செமிபலத்தின்ஸ்கில் சோவியத் அரசு 1949 முதல் 1989 வரை 456 சோதனைகளை நடத்தியது. 1989 பெப்ரவரியில் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்கப் போனவர், கவிதையை விட்டுவிட்டு, அம்மாதச் சோதனைகளில் வெளியேறிய கதிர்வீச்சைப் பற்றிப் பேசினார். அதிலிருந்து பெரும் மக்கள் இயக்கம் எழுந்தது. 1991 ஆகஸ்ட் 29இல் அந்தத் தளம் மூடப்பட்டது. ஐ.நா. அத்தினத்தை அணுச்சோதனைகளுக்கு எதிரான சர்வதேச தினமாக அறிவித்திருக்கிறது.

ஆகஸ்ட் 6க்குக் கவிதை அனுப்பும் தம்பி, தங்கைமார் இனி 29ஐயும் குறித்துக்கொள்ளட்டும்.