மரக்கன்றும் குப்பை வண்டியும்

ஜூன் 5-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரிக்கிறார்கள். கத்தோலிக்கத் தரப்பில் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை ‘படைப்பின் காலம்’. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த நாட்களில் என்ன நடக்கும் என்பது ஆலயத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டுக்குள் ஒரு வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ நடுவார்கள். ஆயர் ஒரு பக்கம், செயலாளர் ஒரு பக்கம், நடுவில் பூவாளி, ஒரு போட்டோ. அப்புறம் மஞ்சப்பை விநியோகம். இன்னொரு நாள் வேறு கமிட்டி, வேறு பேனர்: குடிசைப் பகுதியில் அரிசி, போர்வை, மருத்துவ முகாம். முதலாவதுக்குப் பெயர் சூழல் அக்கறை, இரண்டாவதுக்குப் பெயர் சமூகப் பணி.

கொங்கு நாட்டில் இந்த இரண்டையும் தனித்தனி கமிட்டியாக வைத்திருப்பதுதான் கோளாறு என்பது என் வாதம்.

கன்று நடுவதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். நான் பண்ணப் போவதில்லை. போப் பிரான்சிஸின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடல், தமிழில் ‘இறைவா உமக்கே புகழ்’ என்று அறியப்படுவது, அதன் 211-ஆம் பத்தியில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது, மரம் நடுவது மாதிரியான சின்னப் பழக்கங்களை மதிப்போடுதான் பேசுகிறது. ஆனா அதே மடலின் 49-ஆம் பத்தி, பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது. 211 எல்லா ஆலயத்திலும் நடக்குது. 49 எங்கே நடக்குதுன்னு தேடித்தான் பார்க்கணும்.

சி.எஸ்.ஐ. சினோடின் சூழலியல் துறை நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டம் எனக்குப் பிடித்த முயற்சி. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என்று நிற்காமல் தண்ணீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றைப் பள்ளிகளே தணிக்கை செய்து பார்க்கச் சொல்கிறது. அளக்காமல் அக்கறை இல்லை. அந்தத் தணிக்கையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன்: குப்பை நம்ம வாசலைத் தாண்டின பிறகு யார் கை அதைத் தொடுகிறது?

இந்தக் கேள்வி கொங்குத் திருச்சபைக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வரலாறு இருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் 1830-ல் கோவைக்கு வந்தார். ஈரோட்டில் பிரப் ஐயர். இப்போது மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பெயர் மாறியும் ஊர்க்காரர்கள் இன்னும் பிரப் ரோடு என்றே சொல்கிறார்கள். இவர்கள் நடத்திய பள்ளிகளும் மருத்துவமும்தான் இன்றைய சமூகப் பணிக்கு முன்னோடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டைச் சுற்றிய கிராமங்களில் சபையில் கூட்டமாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பங்கள். பண்ணையத்தில் வேலை செய்தார்கள், பண்ணையம் அவர்களுடையதில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்த அவர்களுக்கு அனுமதி கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை தண்ணீர் என்பது ஒருநாளும் வெறும் ‘இயற்கை’யாக இருந்ததில்லை. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற சாதிக் கணக்கு அதற்குள் இருந்தது.

இன்றைக்குக் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பான்மையோர் அருந்ததியர். மாநகரில் தினமும் சேரும் சுமார் 1,000 டன் குப்பையை அள்ளுவது அவர்கள். அது போய்ச் சேரும் வெள்ளலூர் கிடங்கு சுமார் 650 ஏக்கர். 2024 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்தபோது புகையைச் சுவாசித்தவர்கள் வெள்ளலூர், போத்தனூர் பக்கத்து ஜனங்கள். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தும் சாவு நின்றபாடில்லை. இதெல்லாம் சமூகப் பணியா, சூழல் பணியா? எந்தக் கமிட்டியிடம் ஒப்படைப்பது? இரண்டு கமிட்டி இருந்தால் இரண்டிலும் இது விழாது.

சபைகள் சில நேரம் ‘தூய்மை நாள்’ நடத்துகின்றன. கையுறை, முகக்கவசம், கையில் துடைப்பம், தெருவைக் கூட்டுகிறார்கள். ஒரு நாள் கூட்டுகிறவருக்குப் புதுக் கையுறை கிடைக்கிறது. தினமும் கூட்டுகிறவருக்குக் கிடைக்குதா என்று அன்றைக்கே பக்கத்தில் நிற்கும் பணியாளரிடம் கேட்கலாமே? ஒப்பந்தக் கூலி எவ்வளவு, பி.எஃப். பிடிக்கிறார்களா, கட்டுகிறார்களா என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினால், அந்த மனு பத்து மரக்கன்றுக்குச் சமம்.

நொய்யலுக்கு வருகிறேன். திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. வழக்குப் போட்டது யார் என்பது வழக்கின் பெயரிலேயே இருக்கிறது: நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். நிலமுள்ள விவசாயிகள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடியபோது வேலை போனது யாருக்கு? தென்மாவட்டங்களில் இருந்து பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் வந்தவர்களுக்கு. அவர்களில் கிறிஸ்தவர்களும் கணிசம். ஆக ஒரே பெஞ்சில் பட்டறைக்காரர், கூலிக்காரர், கிணறு கெட்டுப்போன விவசாயி மூன்று பேரும் உட்கார்ந்திருக்கலாம். ‘நாங்க யார் பக்கமுங்க பேசறது?’ என்று ஒரு ஆயர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனா அந்த மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழ் வாராவாரம் உட்கார வைக்கிற வேறு அமைப்பு எனக்குத் தெரிந்து அந்த ஊரில் அதிகமில்லை. நீதிமன்றத்தால் முடியாதது அது. அதைப் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்தாமல் கன்று நடுவதில் நேரம் போவதுதான் என் வருத்தம்.

ஏன் நடக்கவில்லை என்பதற்குச் சோம்பலை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். பயமும் உண்டு, அதற்கு ஆதாரமும் உண்டு. 2011-ல் கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டப் பந்தல் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன்னால்தான் இருந்தது. மீனவர் பிழைப்பும் கடலும் ஆலயமும் அங்கே ஒன்றாயின. விலையும் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் மேல் தேசத்துரோகப் பிரிவு உட்பட வழக்குகள். 2012-ல் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்புகள் மேல் வெளிநாட்டு நிதி தொடர்பாக மத்திய அரசின் நடவடிக்கை. இதைப் பார்த்த எந்தச் சபை நிர்வாகமும் வேப்பங்கன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். வேப்பங்கன்றுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இடிந்தகரைக்கும் வேப்பங்கன்றுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கு. தூய்மைப் பணியாளருக்காக ஒரு மனு எழுதினால் யாரும் தேசத்துரோகம் என்று சொல்லப் போவதில்லை.

இன்னொரு குறை மொழி சம்பந்தப்பட்டது. பசுமைப் பிரசங்கங்களில் கார்பன் தடம், நீடித்த வளர்ச்சி என்று கருத்தரங்கிலிருந்து இறங்கிய சொற்கள் வருகின்றன. ஈரோட்டில் இருந்த பாப்ளி ஐயர் நம் சங்கீதத்தைக் கற்று 1921-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், குறளை ஆங்கிலமாக்கினார், கதாகாலட்சேபமாகச் சுவிசேஷம் சொன்னார். அவருடைய நோக்கம் மதமாற்றம்தான், அதில் எனக்கு விமர்சனம் உண்டு. ஆனாலும் உள்ளூர் வடிவத்தைத் தேடிப் போனார்.

அப்படியொரு உள்ளூர் வடிவம் சபைக்குள்ளேயே சும்மா கிடக்கிறது. அறுப்பின் பண்டிகையைச் சொல்கிறேன். முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். பூசணி, வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி. ஒரு பூசணிக்காயை ஏலம் எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுக்க, அது மறுபடி ஏலம் போகும். ரொம்ப அழகான பழக்கம். நிலமில்லாதவர்களும் வெறுங்கையாக வருவதில்லை. உலை வைக்கும்போது பெண்கள் தினமும் ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி இருந்தது. நிலத்தையும் கூலியையும் ஒரே நாளில், ஒரே மேசைமேல் வைத்த சடங்கு இது. கமிட்டி பிரிக்காத காலம்.

இன்றைக்கு நகரத்து ஆலயங்களில் அந்த மேசையில் பிஸ்கட் பாக்கெட்டும் பிளாஸ்டிக் குடமும் அதிகம். பக்கத்தில் உணவுக் கடைகள், மாலையில் நிரம்பி வழியும் தட்டும் கப்பும். அவையும் வெள்ளலூருக்குத்தான் போகும். அந்த ஒரு நாளைத் திருத்தி எடுத்தாலே போதும், தனியாகச் சுற்றுச்சூழல் ஞாயிறு எதற்கு என்றுகூடத் தோன்றுகிறது. ஏலப் பணத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணியாளர் பிள்ளைகளின் படிப்புக்கு என்று எழுதி வைக்கலாம். விதையும் நாட்டுக்கோழியும் மட்டும் ஏலத்துக்கு வரலாம் என்று தீர்மானம் போடலாம்.

ஆய்வு நோக்கிலும் ஒரு ஆசை. சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த கொங்கு மண் தென்னைக்கு மாறிய கதையைச் சபைகளின் பழைய ஏலக் கணக்குகள் சொல்லக்கூடும்: எந்த வருஷம் கம்பு வருவது நின்றது, எப்போது தேங்காய் மட்டும் மிஞ்சியது, பிடியரிசிக் கணக்கு எந்த ஆண்டோடு முடிகிறது. உங்கள் சபை அலமாரியில் அப்படி நோட்டு ஏதாவது இருந்தால், செயலாளரிடம் கேட்டு ஒரு பக்கமாவது படம் எடுத்து அனுப்புங்க. கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.