கையாமின் கிண்ணமும் கணக்கும்

உமர் கையாம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மதுக் கிண்ணம்தான். “குடியைப் பாடின ஆள்தானே, அவர்ட பாட்டு நமக்கு என்னத்துக்கு?” என்பார்கள் ஒரு சாரார். “இல்லை, மது என்றால் இறைகாதல், கிண்ணம் என்றால் கல்பு” என்று விளக்கம் கொடுப்பார்கள் மறுசாரார். இரு சாராரும் சண்டை பிடிப்பது பாட்டுகளை வைத்துத்தான். அந்தப் பாட்டுகள் அவருடையவைதானா என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

கையாம் 1048இல் நைஷாப்பூரில் பிறந்து, 1131இல் அங்கேயே வபாத்தானார். உலகம் அறிந்த ‘றுபாயியாத்’ 1859இல் எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்ட் ஆங்கிலத்தில் வெளியிட்ட 75 பாடல்களோடு தொடங்குகிறது. அவர் பெரிதும் நம்பிய ஒக்ஸ்போர்ட் கையெழுத்துப் பிரதி எழுதப்பட்டது 1460இல். அதாவது கையாம் மறைந்து முன்னூறு வருடங்களுக்கும் பிந்தி. பிட்ஸ்ஜெரால்ட் பல பாடல்களை ஒன்றாகப் பிசைந்து புதிதாக்கியவர். அதை அவர் ஒளிக்கவுமில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் தந்ததும் அந்த ஆங்கிலத்தின் வழியே வந்ததுதான். தமிழ்ப் பாட்டாக அது இனிக்கிறது. ஆனால் கையாமின் அகீதாவுக்கு அதைச் சாட்சி நிறுத்த முடியாது.

அவரை நேரில் கண்ட ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நிஸாமி அரூஸியின் ‘சஹார் மகாலா’ நாலு பகுதி கொண்ட நூல். அதில் கவிஞர்களுக்கு ஒரு பகுதி, நட்சத்திரக் கலைஞர்களுக்கு ஒரு பகுதி. கையாம் வருவது பின்னதில். கவிஞர் பகுதியில் அவர் இல்லை. அத்தோடு, சோதிடப் பலன்களில் கையாமுக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தான் காணவில்லை என்றும் நிஸாமி சொல்கிறார். அரசவைகளில் சோதிடத்துக்கு நல்ல மதிப்பிருந்த காலம் அது என்பதை மறக்கக்கூடாது.

இதை வைத்து அவர் பாடவே இல்லை என்று சொல்லிவிடவும் ஏலாது. 13ஆம் நூற்றாண்டில் நஜ்முத்தீன் ராஸி, கையாமின் பேரில் வழங்கிய பாடல்களை எடுத்துக்காட்டி, அவரை வழிதவறிய தத்துவவாதி என்று கண்டிக்கிறார். ராஸி தாமே ஒரு சூபி. அவருக்கே அந்த வரிகளில் தஸவ்வுப் தென்படவில்லை என்றால், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஞானப் பொருள் சொல்லும் நம்மவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா?

ஐயமில்லாமல் கையாமுடையவை அவருடைய கணித நூல்கள். இயற்கணித நூலில் முப்படிச் சமன்பாடுகளை வகை பிரித்து, கூம்பு வெட்டுக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளைக் கொண்டு தீர்க்கிறார். எண்களால் பொதுத் தீர்வு காண முடியவில்லை என்பதை மறைக்கவில்லை. நமக்குப் பின் வருபவர் யாரும் கண்டுபிடிக்கக் கூடும் என்று எழுதி வைக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதர்கள் அதைக் கண்டார்கள். சுல்தான் மலிக்ஷாவின் ஆட்சியில் வானியலாளர் குழுவில் இருந்து அவர் உழைத்த ஜலாலி நாட்காட்டி 1079இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வருடப் பிறப்பைத் தீர்மானித்தது சூரியன் மேட ராசியில் புகும் நேரம்.

எனக்கு விளங்கும் கையாமின் ஞானம் இதுதான்: முடிந்ததை முடிந்தது என்றும், முடியாததை முடியவில்லை என்றும் சொல்லும் நேர்மை. “எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம்” என்று திகைக்கும் பாடல்களில் ஒன்றிரண்டு அவருடையதாக இருந்தாலும், அதே குணம்தான் அங்கும் பேசுகிறது. அதைத் திமிர் என்று எடுப்பது அவசரம்.

ஒரு ஹதீஸ் என்றால் ஸனதைக் கேட்கிற சமுதாயம் நாம். அறிவிப்பாளர் யார், யாரிடம் கேட்டார் என்று விசாரித்த பிறகே ஏற்றுக்கொள்கிறோம். பாட்டுக்கு அந்தளவு கண்டிப்புத் தேவையில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் அறிஞரைக் குடிகாரர் என்றோ வலி என்றோ தீர்ப்புச் சொல்லுமுன், அந்தப் பாட்டு எந்தப் பிரதியில், எந்த வருடத்தில் முதன்முதல் வருகிறது என்றாவது கேட்க வேண்டும்.