பத்தாவது லேப்பிலும் அதே பெடல்

விலை கூடிய பிரேக் பேட் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் டிராக் டேக்கு முன்பு உதிரிபாகக் கடைக்குப் போகிறார்கள். நிற்காது. கம்பெனி பேட்டிலேயே ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியென்றால் டயரின் பிடி அங்கே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் எந்தப் பேட் போட்டாலும் நிற்கும் தூரம் குறையாது. நல்ல பேட்டின் வேலை வேறு. முதல் லேப்பில் கொடுத்த பிரேக்கைப் பத்தாவது லேப்பிலும் கொடுக்க வேண்டும். காசு அதற்குத்தான்.

ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக், சிக்னலுக்காக 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 167 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதே கார் டிராக்கில் 160-லிருந்து 80-க்கு இறங்கினால் 890 கிலோஜூல்; மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதில் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க் இரண்டின் தலையில் விழுகிறது. அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

எந்த டிராக் என்பதும் முக்கியம். டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர், அதில் ஒரு நேர்ப்பாதை மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரே மிதியில் மலையளவு வேகத்தைக் கொல்ல வேண்டும், ஆனால் நடுவில் காற்று வாங்க நேரம் கிடைக்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். வேகம் குறைவு, ஓய்வும் குறைவு. இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கிலோமீட்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூடவே சென்னை வெயில்.

மூன்று ரகப் பேட்டுகளை நான் ஒப்பிட்டது போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில். 2013-இல் வந்த, 105 குதிரைத்திறன் கொண்ட 1.2 லிட்டர் டர்போ. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நம்மூர் டிராக் நாட்களில் அடிக்கடி கண்ணில் படும் வண்டி என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கம்பெனி பேட் ரகம். காலையில் குளிர்ந்த டிஸ்க்கிலும் தொட்டவுடன் பிடிக்கும், சத்தம் கிடையாது, வீட்டு வாசலிலிருந்து டிராக் வாசல் வரை இதைவிடச் சுகமான பேட் இல்லை. டிராக்கில் சில லேப் போனதும் பெடல் கல் மாதிரி இருக்கும், கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பேட்டில் உள்ள பிசின் சூட்டில் வாயுவாகி உராய்வைக் கெடுப்பதுதான் காரணம். சாலைக்கென்று செய்த பொருளை இதற்காகக் குறை சொல்ல நியாயமில்லை.

பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. கடைக்காரர் இதைக் காட்டி ‘ஜிஜிதான் சார் பெஸ்ட்’ என்பார். ஆனால் அந்த எழுத்தைத் தரும் சோதனையின் உச்சச் சூடே சுமார் 340 டிகிரி செல்சியஸ்தான். டிராக்கில் டிஸ்க் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எனவே அந்த எழுத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

எதிர்முனையில் முழு ரேஸ் பேட். சூடு ஏறிய பிறகு அதன் பிடிக்கு ஈடு இல்லை. ஆறிப்போன நிலையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், முதல் மிதியில் பாதி பிரேக்தான் இருக்கும். சந்தையில் கத்துவது போன்ற சத்தம், அலாய் வீலில் ஒட்டித் துருவாக மாறும் உலோகத்தூள், சீக்கிரம் தேயும் டிஸ்க் எல்லாம் கூடவே வரும். காரை டிரெய்லரில் ஏற்றி வருபவர்களுக்கு இது சரி. அதே காரில் வீடு திரும்புகிறவருக்கு வேண்டாம்.

நடுவில் இருக்கிறது ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற ரகம். இதற்கு நிறுவனம் சொல்லும் சராசரி உராய்வு 0.42, 20 முதல் 500 டிகிரி வரை அது ஏறக்குறைய மாறாது என்கிறார்கள். தாள் கணக்கைவிடக் காலுக்குத் தெரிவதுதான் எனக்குப் பிடித்தது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிரேக். வளைவுக்குள் நுழையும்போது காலை மெல்ல எடுத்தால் பிடியும் மெல்லத் தளர்கிறது. குளிரில் கம்பெனி பேட் அளவுக்குச் சட்டென்று கவ்வாது, ஆனால் பயப்படவும் வைக்காது. இந்த வகைப் பேட்டுகள் மெதுவாக நிறுத்தும்போது கொஞ்சம் கீச்சிடும். வீட்டில் யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.

பேட்டுக்கு முன்பே மாற்ற வேண்டிய ஒன்று உண்டு: பிரேக் ஆயில். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் 3.7 சதவீதம் சேர்ந்தால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கடலோரக் காற்றில் ஈரம் சேரக் கேட்கவா வேண்டும்! ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போலாகித் தரைவரை போகும். பெடல் கல்லாக இருந்து கார் நிற்காவிட்டால் பேட்டைப் பாருங்கள். பெடல் இறங்கினால் ஆயிலைப் பாருங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி வரை கொதிக்காது. விலைக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

சூட்டை அளக்க, டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது. பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பளபளக்கும் டிஸ்க்கில் கைத் துப்பாக்கித் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால் நான் பெயின்ட்டையே நம்புகிறேன். ஆரஞ்சு மாறியிருந்தால் நடு ரகப் பேட்டின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

புதுப் பேட்டைப் பதப்படுத்தாமல் டிராக்கில் இறக்காதீர்கள். காலிச் சாலையில் 100-லிருந்து 30 வரை பலமுறை இறக்கி, முழுதாக நிற்காமல், பிறகு ஓட்டியே ஆற விடவேண்டும். டிராக்கிலும் கடைசி லேப்பை பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். பிட்டில் நின்றதும் ஹேண்ட்பிரேக் வேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பாதி தேய்ந்த பேட் சூட்டை நேராகக் காலிப்பருக்குக் கடத்தும். சாலைக்கு இன்னும் பல மாதம் வரும் என்றாலும் டிராக்குக்கு அதை எடுத்துப் போகாதீர்கள்.

வருடத்துக்கு ஓரிரு முறை போகிறவர் என்றால் புதிய ஆயிலும் நல்ல நிலையில் உள்ள கம்பெனி பேட்டும் போதும், சில லேப்புக்கு ஒருமுறை ஆறவிட்டால் சரி. அடிக்கடி போகிறவருக்கு டிஎஸ்2500 ரகம்தான் என் தேர்வு. ஆர்டர் போடும் முன் பழைய பேட்டைக் கழற்றி நீளம், உயரம், கனம் மூன்றையும் அளந்து புதுப் பேட்டின் அளவுப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடல் காரில் ஆண்டுக்கு ஆண்டு காலிப்பர் மாறியிருக்கலாம்.