கணினி உறைவது ரேம் குறைவதால் மட்டுமா?

போன மாதம் ஒரு ராத்திரி. 8 ஜிபி ரேம் உள்ள பழைய லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு பெரிய நிரலை கம்பைல் போட்டுவிட்டு, பிரவுசரில் படித்துக்கொண்டிருந்தேன். மவுஸ் அம்பு நடுவழியில் நின்றது. டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கியது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்தினேன். சேமிக்காத குறிப்பெல்லாம் போச்சு.

"ரேம் பத்தலை, கூட வாங்கிப் போடுங்க." இருபது வருஷமா நானும் மத்தவங்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்கேன். அது பாதி பதில்தான்.

200 இலை போட இடமுள்ள மண்டபத்துக்கு 500 பேரை அழைப்போம் இல்லையா, லினக்ஸ் கர்னலும் அப்படித்தான். கையில் இருப்பதைவிட அதிக நினைவகத்தைத் தருவதாக நிரல்களிடம் ஒப்புக்கொள்ளும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்று நம்பிக்கை. எல்லாரும் ஒரே பந்திக்கு வந்துவிட்டால்? பாதிச் சாப்பாட்டில் ஒருவரை எழுப்பி இன்னொருவரை உட்கார வைக்கிறது. யாரும் சாப்பிட்டு முடிப்பதில்லை. இதுதான் த்ராஷிங். பீட்டர் டென்னிங் 1968-லேயே இதன் காரணத்தையும் தடுக்கும் வழியையும் எழுதிவிட்டார்: இடம் கொள்ளும் அளவுக்கு மட்டும் நிரல்களை உள்ளே விடு.

"ஸ்வாப்பை அணைத்துவிட்டால் போதுமே" என்பீர்கள். என் லேப்டாப்பில் ஸ்வாப்பே கிடையாது! ஓடும் நிரலின் கட்டளைகள் டிஸ்க்கிலும் கோப்பாக இருக்கின்றன. 'திரும்பப் படித்துக்கொள்ளலாம்' என்று கர்னல் அவற்றை ரேமிலிருந்து தூக்கிப் போடுகிறது. அடுத்த நொடியே அவை தேவைப்படுகின்றன. மறுபடி டிஸ்க்.

நிரல் ஒன்றைக் கொன்று இடம் பிடிக்க கர்னலிடம் ஓஓஎம் கில்லர் இருக்கிறது. ஆனால் எதையுமே விடுவிக்க முடியாத நிலை வந்தால்தான் அது எழுந்திருக்கும். இங்கேதான் இடம் கிடைத்துக்கொண்டே இருக்கிறதே! ஆக, கர்னல் கணக்கில் எல்லாம் சுகம்.

என் குறை இதுதான்: அது 'இடம் கிடைத்ததா' என்று பார்க்கிறது, 'வேலை நகர்ந்ததா' என்று பார்ப்பதில்லை. நினைவகத்துக்காக வேலைகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தன என்று அளக்கும் பிஎஸ்ஐ வசதி, 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20-ல்தான் சேர்ந்தது. டென்னிங் எழுதி ஐம்பது வருஷம் கழித்து! அதை வைத்து முன்கூட்டியே தலையிடும் சிஸ்டம்டி-ஓஓஎம்டி, 2021-ல் ஃபெடோரா 34-ல் இயல்பாகவே இயங்க ஆரம்பித்தது.

கர்னல் தயங்குவதிலும் நியாயம் உண்டு. எந்த நிரலில் என் சேமிக்காத குறிப்பு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? தப்பான ஆளைக் கொன்றால் நானே திட்டுவேன். ஆனா பாருங்க, ஒன்றைக் கொல்ல அது தயங்கியதால், நான் பவர் பட்டனில் எல்லாவற்றையும் கொன்றேன். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையைக் கர்னல் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.